நான் எழுதிய ஆறு 'சரி'

2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, 5.40-க்கு மல்லசமுத்திரத்தில் வண்டியை எடுத்தேன். பனி இருந்ததால் சங்ககிரி போய்ச் சேர வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. பந்தயத் திடலின் வாயிலைத் திறந்து, தண்ணீர் லாரிக்காரரைத் தடத்தை நனைக்கச் சொன்னேன். தடுப்புக்கு வைத்திருந்த பழைய டயர்களை எண்ணினேன். முந்தைய மாலை எண்ணியதற்கு நான்கு குறைந்தது. வாசலில் புதிதாக டீக்கடை போட்டவர், ஆட்கள் உட்கார எடுத்துப் போயிருந்தார். உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பி, நான்கையும் உருட்டி வந்து இருந்த இடத்தில் வைத்தேன். 8.15-க்கு அலுவலகக் கொட்டகையில் மேசையைத் துடைத்து, அன்றைய கூட்டத்துக்கான தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். இடது பக்கம் 'விதி', வலது பக்கம் 'அணிகளின் பதில்'. மொத்தம் ஆறு வரிசை.

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

பந்தயச் செயலாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தக் கொடியை எப்போது காட்டுவது, நேரத்தை எப்படிப் பதிவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. சங்கத்துக்கும் அணிகளுக்கும் சண்டை வந்தால் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவன் என்ன செய்ய வேண்டும் என்பது கையேட்டில் இல்லை. பத்தொன்பது வருடம் எழுதினேன். போன வருடம் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். அந்தப் பத்தொன்பது வருடத்தில் என் கையெழுத்தால் நான்கு அணிகளின் பிழைப்பு போகவிருந்த நாள் இது ஒன்றுதான்.

விவகாரம் இதுதான். சனி, ஞாயிறு இரண்டு நாள் மண் தடக் கார்ப் பந்தயம். ஒன்பது அணிகள். அதில் நான்கு சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து அணிகள். லாரிப் பட்டறைக்காரர்களும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்காரர்களும் நடத்துபவை. இவர்களுக்கு வருமானம் என்று இருப்பது காரின் இரண்டு கதவுகள்தான். கதவில் தீவனக் கம்பெனியோ டயர்க் கடையோ பெயரை ஒட்டும். அந்தப் பணத்தில்தான் கார் ஓடும். அந்த ஆண்டு மாநிலச் சங்கம் ஆறு புதிய விதிகளை அனுப்பியது. நான்கு சாதாரணமானவை: தலைக்கவசம், நுழைவு நேரம் இப்படி. ஐந்தாவது, எல்லாக் கார்களின் இரண்டு கதவுகளும் சங்கத்தின் ஸ்பான்சருக்கே. ஆறாவது, நேரலை ஒளிபரப்பில் வரும் வருமானம் முழுவதும் சங்கத்துக்கே.

இதோடு பழைய விதி ஒன்றும் இருந்தது. விதிகளை ஏற்றுக்கொள்ளாத அணி பந்தயத்துக்கு வராமல் இருந்துகொள்ளலாம், தண்டனை இல்லை. ஏற்றுக்கொண்டுவிட்டு வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் வாகனச் சோதனைக்கு வராத அணிக்கு ஓராண்டுத் தடை. அணிக்குத் தடை என்றால் அதன் ஓட்டுநருக்கும் தடை.

பதினொரு மணிக்குக் கூட்டம். சங்கத்தின் சார்பில் சென்னையிலிருந்து மேற்பார்வையாளர் விஸ்வநாதன் வந்திருந்தார். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. வெளியூர் அணிகள் முன்பே ஒப்புதல் எழுதி அனுப்பிவிட்டன. உள்ளூர் அணிகள் நான்குக்கும் சேர்த்துப் பேச வந்தவர் பூங்கொடி. சங்ககிரியில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய காரை ஓட்டும் தினேஷுக்கு இருபத்தாறு வயது. இன்னும் ஒரு பந்தயத்தில் முதல் மூன்றுக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம் என்ற நிலையில் இருந்தார். பூங்கொடிக்குப் பக்கத்தில் ரிக் உரிமையாளர் மாரப்பன்.

"ஏனுங்க, கதவு உங்களுதுங்களா, எங்களுதுங்களா?" என்று பூங்கொடி ஆரம்பித்தார்.

"கார் உங்களோடது மேடம். பந்தயம் எங்களோடது" என்றார் விஸ்வநாதன்.

"அப்பக் காரில்லாமப் பந்தயம் உட்டுக்கங்க" என்றார் மாரப்பன். "நீங்க தடத்துல ஓடுங்க சார். நாங்க அக்கட்டால நின்னு கொடி ஆட்டறோம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். விஸ்வநாதன் சிரிக்கவில்லை.

"நான் லாரிக்கு பாடி கட்டறவ சார்" என்றார் பூங்கொடி. "முன்னாடி பலகைல என்ன பேரு எழுதறதுன்னு வண்டிக்காரரு சொன்னாத்தான் எழுதுவேன். கடன் குடுத்த பேங்கு பேரையே மூலைல சின்னதாத்தான் எழுதுவோமுங்க. நீங்க கடனும் குடுக்கல, ரெண்டு கதவும் வேணுங்கறீங்க."

"சங்கம் இல்லேன்னா இந்தத் தடம் இல்ல, ஆம்புலன்ஸ் இல்ல, கேமரா இல்ல. அதுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வரும்?"

அதுவும் நியாயம்தான். முக்கால் மணி நேரம் இரண்டு நியாயங்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் விஸ்வநாதன், "வாதம் போதும். விதிகளை ஒவ்வொண்ணா வாசிக்கிறேன், கேளுங்க" என்று தாளை எடுத்தார்.

முதல் விதியை வாசித்தார். "செரிங்க" என்றார் பூங்கொடி. நான் கட்டத்தில் 'சரி' என்று எழுதினேன். இரண்டாவதை வாசித்தார். "செரிங்க." எழுதினேன். இப்படியே ஆறு. ஐந்தாவது, கதவு விதி. அதற்கும் "செரிங்க" என்றார். அப்போது என் பேனா ஒரு கணம் நின்றது. இவ்வளவு நேரம் கதவுக்காகச் சண்டை போட்டவர் சரி என்கிறாரே என்று தோன்றியது. ஆனால் காதில் விழுந்தது அந்தச் சொல்தானே. எழுதினேன்.

ஆறும் முடிந்ததும் விஸ்வநாதன் மகிழ்ச்சியோடு தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டபடி கொட்டகைக்கு வெளியே போனார். பூங்கொடி எழுந்து, என்னைப் பார்த்து, "செரிங்கண்ணா. நாங்க பேசிக்கறமுங்க. வாரோமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். 'பேசிக்கறமுங்க' என்பதை எழுத என் கட்டத்தில் இடமில்லை. அதனால் எழுதவில்லை.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவருடைய கூட்டக் குறிப்புகளை வாசித்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். 'பேசினார்கள். டீ வந்தது. எழுந்து போனார்கள்.' அவ்வளவுதான் இருக்கும். முடிவு என்ன, யார் ஒப்புக்கொண்டார்கள், ஒன்றும் இராது. சோம்பேறி என்று நினைத்தேன். நான் வந்ததும் கட்டம் போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு பதில் இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

12.10-க்குக் குறிப்பைப் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் அதை நம்பி, இரண்டு கதவும் உறுதி என்று ஸ்பான்சருக்குச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு வாகனச் சோதனை தொடங்கியது. மூன்றரைக்குள் வெளியூர் அணிகள் ஐந்தும் முடித்துவிட்டன. உள்ளூர் அணிகளில் ஒன்றுகூட வரவில்லை. சங்ககிரியிலிருந்து திடலுக்குப் பதினைந்து நிமிடம். தூரத்திலிருந்து வந்தவர்கள் வந்துவிட்டார்கள், பக்கத்தில் இருப்பவர்களைக் காணோம். நான்கு மணிக்கு விஸ்வநாதன் என் மேசைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஆறுக்கும் சரின்னு சொல்லிட்டு ஏமாத்திட்டாங்க சார். கடைசி நிமிஷத்துல கழுத்தறுத்தா நாம பணிஞ்சுடுவோம்னு கணக்கு. விடக் கூடாது."

கையில் தடை உத்தரவு தட்டச்சு செய்து தயாராக இருந்தது. நான்கு அணிகள், ஓராண்டு. ஆதாரம்: செயலாளரின் கூட்டக் குறிப்பு. அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்துக்கு இடம். "அஞ்சு மணிக்கு வெளியிடறோம். நீங்க இப்பவே போட்டுடுங்க."

பேனாவை எடுத்தேன். பிறகு, "ஒரு போன் பண்ணிட்டுப் போடறேன் சார்" என்று வெளியே வந்து பூங்கொடியை அழைத்தேன்.

"ஏனுங்க அம்மிணி, ஆறு விதிக்கும் ஒப்புக்கிட்டு ஏன் சோதனைக்கு வரல?" என்று கேட்டேன்.

"நாங்க எப்பங்கண்ணா ஒப்புக்கிட்டோம்?"

"ஒவ்வொண்ணுக்கும் சரின்னு சொன்னீங்களே."

"அவரு வாசிச்சாரு. நான் செரிங்கன்னேன். பெரிய மனுசரு ஒருத்தரு வாசிக்கறப்பச் செவுத்தாட்டம் உக்கோந்திருக்க முடியுமுங்களா?" பிறகு குரல் தாழ்ந்தது. "நீங்க மல்லசமுத்திரத்துக்காரருதானுங்களே?"

வெயில் இன்னும் இருந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பேச்சில்தான். என் வீட்டிலும் ஒரு நாளைக்கு நூறு முறை 'செரிங்க' சொல்வோம். எதிராளி பேசும்போது இடையிடையே சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதுதான் பொருள். ஒப்புக்கொள்வதும் கொள்ளாததும் பிறகு நடப்பது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எழுத உட்கார்ந்ததும் 'செ'-வைத் திருத்திச் 'ச' ஆக்கினேன். 'ங்க'-வை வெட்டினேன். மிஞ்சியது 'சரி'. பிழையில்லாத தமிழ். அதற்குப் பொருள் வேறு.

உங்களுக்கு இப்படி ஒரு நேரம் கட்டாயம் வரும். அப்போது மனம் சொல்லித் தரும் சமாதானங்கள் சுத்தமாக இருக்கும். எனக்கும் சொல்லிற்று: நீ கேட்டதைத்தானே எழுதினாய், ஒரு சொல்லும் கூட்டவில்லை, கையெழுத்துப் போடு, அவர்கள் மேல்முறையீடு செய்துகொள்ளட்டும். மேல்முறையீடு முடிய ஆறு மாதம் ஆகும். அதற்குள் தினேஷின் பருவம் போய்விடும்; கதவுக்குப் பணம் தருகிறவர்கள் வேறு அணிக்குப் போய்விடுவார்கள். மணி 4.12.

உள்ளே போய்ச் சொன்னேன். "சார், குறிப்பு தப்பு. அவங்க ஒப்புக்கல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

விஸ்வநாதன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நானும்தான் கேட்டேன். என் காதுல விழுந்தது சரிங்கதான். நீங்க உள்ளூர்க்காரர். இப்ப போன் பண்ணினதும் குறிப்பு தப்பாயிடுச்சா?"

பத்தொன்பது வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டது நியாயமாகவும் இருந்தது. ஒரு பக்கத்துக்காரரிடம் பேசிவிட்டு வந்து பதிவை மாற்றச் சொல்லும் செயலாளரை நானே நம்பியிருக்க மாட்டேன்.

"நான் சொல்றத நம்ப வேண்டாம் சார். பட்டறைக்கு வாங்க. நேராக் கேளுங்க. அவங்க ஒப்புக்கிட்டேன்னு சொன்னா அங்கேயே கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

அவர் காரிலேயே போனோம். பட்டறையில் பாதி கட்டிய லாரி ஒன்று நின்றது. பூங்கொடி அதன் நிழலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையால் நாற்காலியைக் காட்டினார். பேச்சை நிறுத்த முடியவில்லை. வண்டி கட்டக் கொடுத்தவர் எதிர்முனையில் கத்திக்கொண்டிருந்தது எங்களுக்கே கேட்டது.

"செரிங்க... செரிங்க... பொங்கலுக்கு முன்னாடியே சொன்னீங்க, செரிங்க... புதங்கெழம லோடு ஏத்தோணும், செரிங்க... டிரைவரு சும்மா உக்கோந்திருக்காரு, செரிங்க... செரிங்க."

கொஞ்சம் நிறுத்தினார்.

"ஆவாதுங்க. பெயிண்டே காயாது. அடுத்த வாரஞ் சனிக்கெழம வாங்க."

போனை வைத்தார். விஸ்வநாதன் என் பக்கம் திரும்பினார். விரல்களில் எண்ணியிருக்கிறார் என்பது தெரிந்தது.

"ஆறு தடவை சரின்னாங்க. அப்புறம் முடியாதுன்னுட்டாங்க."

"அந்த ஆறும் கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம் சார். ஏழாவதுதான் பதில்."

அவர் பூங்கொடி காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "என் மாப்பிள்ளை கோயமுத்தூர் சார். நான் எதைச் சொன்னாலும் சரிங்க, சரிங்கம்பாரு. மூணு வருஷமா நல்ல பையன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார்.

பூங்கொடிக்கு என்ன ஏது என்று புரியாமலே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

இப்போது நான் புதிய தாள் எடுத்தேன். கட்டம் போடவில்லை. விஸ்வநாதன் மறுபடி வாசித்தார், ஒவ்வொரு விதிக்கும் பூங்கொடி "செரிங்க" என்றார், நான், "ஒப்புக்கறீங்களா, இல்லீங்களா?" என்று தனியாகக் கேட்டேன். முதல் நான்குக்கும் "ஒப்புக்கறனுங்க" என்றார். கதவுக்கு "ஆவாதுங்க." ஒளிபரப்பு வருமானத்துக்கு "அதும் ஆவாதுங்க." அதாவது, ஆறு விதிகளுக்காகச் சண்டை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சண்டை இரண்டுக்குத்தான்.

"ஒரு கதவு குடுக்கறனுங்க" என்றார் பூங்கொடி. "கேமரா எந்தப் பக்கமுங்க நிக்குது?"

"தடத்துக்கு வெளிப்பக்கம்" என்றேன். எங்கள் தடம் வலப்பக்கமாகச் சுற்றுவது. வெளியே கேமரா நின்றால் இடது கதவுதான் தெரியும்.

"அப்ப எடது கதவு எங்களுக்கு" என்றார் விஸ்வநாதன் உடனே.

"வெவரமான ஆளுதான். எடுத்துக்கங்க. ஆனாச் சனிக்கெழம கேமரா உள்பக்கம் நிக்கட்டும், ஞாயித்துக்கெழம வெளிப்பக்கம் நிக்கட்டும். எங்க கதவும் ஒரு நாளைக்கு டிவில வரட்டுமுங்க."

விஸ்வநாதன் வெளியே போய்த் தலைமை அலுவலகத்தோடு மூன்று முறை பேசினார். இந்தப் பந்தயத்துக்கு மட்டும் என்று சம்மதம் வந்தது. மற்ற மூன்று அணிகளுக்கும் பூங்கொடி போன் போட்டார். "அக்கா சொன்னாச் செரி" என்றார் மாரப்பன். நான் போனை வாங்கி, "எந்தச் செரிங்க?" என்று கேட்டேன். "ஒப்புக்கற செரிதானுங்க" என்றார்.

ஒளிபரப்பு வருமானம் மட்டும் அன்று தீரவில்லை. தலைமை அலுவலகம் இறங்கி வரவில்லை, பூங்கொடியும் வரவில்லை. முன்பென்றால் எப்படியாவது ஒரு முடிவை எழுதியிருப்பேன். இந்த முறை, 'பேசினார்கள். முடிவாகவில்லை. அணிகள் பந்தயத்துக்கு வருவது இந்த விதிக்கு ஒப்புதல் ஆகாது' என்று எழுதி, இருவருக்கும் உரக்க வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அந்த விதி பிறகு ஒரு வருடம் இழுத்தது. இழுக்கட்டும். முடிவாகாததை முடிந்ததாக எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மணி 4.57. நான்கு கார்களும் ஐந்துக்குள் வர முடியாது. சோதனை நேரத்தை மறுநாள் காலைக்கு நீட்டிக்கும் அதிகாரம் செயலாளருக்கு உண்டு. அதுவரை நான் ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தியதில்லை. நேரத்தை நீட்டுவது ஒழுங்கீனம் என்று நினைத்திருந்தேன். அன்று பட்டறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீட்டித்தேன்.

திரும்பும் வழியில் விஸ்வநாதன் தடை உத்தரவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, "கிழிச்சுடவா?" என்றார்.

"வேண்டாம் சார். 'பிறப்பிக்கப்படவில்லை'ன்னு எழுதிக் கோப்புல வெச்சுடலாம்."

"உங்களத் திருத்தவே முடியாது" என்றார். ஆனால் கொடுத்தார்.

கொட்டகைக்கு வந்ததும் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். முதல் குறிப்பில் இருக்கும் ஆறு 'சரி'யும் என் பிழை, அணிகளின் பிழையோ மேற்பார்வையாளரின் பிழையோ அல்ல என்று நான்கே வரி. விளக்கம் கேட்டு ஓலை வரும் என்று எதிர்பார்த்தேன். அரை மணியில் பதில் வந்தது: 'கிடைத்தது. இனிக் கவனம்.' அதை இரண்டு முறை வாசித்தேன். டீக்கடைக்குப் போய் டீ வாங்கினேன். உட்கார இடமில்லை. நின்றபடி குடித்தேன். அவ்வளவு நல்ல டீயை அந்தக் கடையில் அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சோதனைக் கொட்டகையைத் திறந்தேன். முதலில் வந்தது பூங்கொடியின் கார். தினேஷ் இறங்கி நின்றார். இடது கதவில் சங்கத்தின் ஸ்டிக்கர் ஈரம் காயாமல் இருந்தது. படிவத்தை எடுத்து முதல் விதியை வாசித்தேன்.

"செரிங்க" என்றார் பூங்கொடி.

பேனாவின் மூடியைத் திறக்காமல் அவரைப் பார்த்தபடி இருந்தேன்.

"ஒப்புக்கறனுங்கண்ணா" என்றார் சிரித்துக்கொண்டே. மூடியைத் திறந்து, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.